அழற்சியைத் தொடங்குவது தெரியும், முடித்து வைப்பது யார்?

2025 அக்டோபரில் மருத்துவத்துக்கான நொபேல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலம் நம் உடலையே தாக்காமல் தடுக்கும் செல்களைப் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பரிசு. செய்தியைப் படித்த பலருக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். கடையில் விற்கும் சூரணம் முதல் பழச்சாறு வரை எல்லாமே ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்றுதான் விளம்பரம் செய்கின்றன. முடக்குவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவமனையில் தரும் மருந்துகளோ அதே எதிர்ப்பைக் குறைக்கின்றன. இப்போது எதிர்ப்பை அடக்கும் செல்லுக்கு நொபேல் பரிசே கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் எதிர்ப்பு சக்தி கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?

கூடுதலா குறைவா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. தொடங்கிய எதிர்ப்பு உரிய நேரத்தில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அது தானாக ஓய்ந்து போவதில்லை. முடித்து வைப்பதற்கென்றே தனி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை, அழற்சியைத் தொடங்கிய அதே செல்கள்தான் தயாரிக்கின்றன.

இதைப் பார்க்க நல்ல உதாரணம் கவுட். நம் ஊரில் ‘யூரிக் ஆசிட் வலி’ என்பார்கள். நள்ளிரவில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கும். போர்வை உரசினால்கூடத் தாங்க முடியாது. மருந்தே எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகு அந்த மூட்டிலிருந்து ஊசியால் நீரெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஊசி ஊசியான யூரேட் படிகங்கள் அங்கேயே இருப்பதைக் காணலாம். தூண்டிய பொருள் இருக்கிறது, அழற்சி இல்லை. நிறுத்தியது யார் என்ற கேள்வி இங்கே தெளிவாக எழுகிறது.

## முதலில் சில சொற்கள்

1. அழற்சி: காயமோ கிருமியோ வேறு தொல்லையோ நேர்ந்த இடத்துக்கு ரத்தத்தையும் எதிர்ப்பு செல்களையும் வரவழைக்க உடல் செய்யும் ஏற்பாடு. சிவத்தல், வீங்குதல், சூடாதல், வலித்தல் என்ற நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்.

2. மேக்ரோபேஜ்: திசுக்களிலேயே குடியிருக்கும் விழுங்கு செல். தொல்லையை முதலில் கவனிப்பதும் இதுதான், கடைசியில் இடத்தைச் சுத்தம் செய்வதும் இதுதான்.

3. நியூட்ரோஃபில்: ரத்த வெள்ளணுக்களில் பெரும்பான்மை. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. ஆயுள் குறைவு, வைத்திருக்கும் ரசாயனங்களோ கடுமை. கிருமியோடு சேர்த்து நம் திசுவையும் அவை கெடுக்கும்.

4. சைட்டோகைன்: செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல வெளியிடும் சிறு புரதங்கள். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை அழற்சியைக் கூட்டும். இன்டர்லூக்கின்-10 குறைக்கும். இனி இன்டர்லூக்கினை ஐஎல் என்று சுருக்கிக்கொள்வோம்.

5. ஏற்பி: இந்தப் புரதங்களோ கிருமியின் பாகங்களோ வந்து ஒட்டும்போது, செல்லுக்குள் தகவலைக் கடத்தும் புரதம்.

லேப் ரிப்போர்ட்டில் ‘சிஆர்பி’ என்று ஒரு வரி வருமே, அதற்கும் இதில் தொடர்பு உண்டு. ஐஎல்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் தயாரிக்கும் புரதம் அது. உடலில் எங்கோ அழற்சி நடக்கிறது என்று சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது.

## தொடங்க இரண்டு சமிக்ஞைகள்

ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்த நிலையில் நிற்க முடியாமல் படிகமாகத் தொடங்கும். உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் கால்விரல் மூட்டில் அது இன்னும் எளிதாக நடக்கும். ஆனால் படிகம் உள்ள எல்லோருக்கும் எந்நேரமும் வலிப்பதில்லை. மேக்ரோபேஜ் ஐஎல்-1 ஐ வெளியே அனுப்ப, இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகள் வந்தாக வேண்டும்.

முதல் சமிக்ஞை, தயாரிப்புக்கு. செல்லின் மேற்பரப்பில் டோல் வகை ஏற்பிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவர்ப் பொருளோ, சேதமடைந்த திசுவின் துணுக்கோ, சில கொழுப்பு அமிலங்களோ அவற்றைத் தூண்டலாம். பெரிய விருந்துக்கும் மதுவுக்கும் அடுத்த இரவில் கவுட் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தூண்டுதல் கிடைத்ததும் உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. 1986 இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த புரதம் இது. அமைதியான நாளில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் இதைப் பிடித்து, உட்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கும். தூண்டுதல் வந்த சில நிமிடங்களில் ஐ-கப்பா-பி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. ஐஎல்-1 இன் முன்வடிவமும் அப்போதுதான் தயாராகிறது. அது இன்னும் வேலை செய்யாத, நீளமான புரதம்.

இரண்டாவது சமிக்ஞை, வெளியீட்டுக்கு. மேக்ரோபேஜ் யூரேட் படிகத்தை விழுங்குகிறது, ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. படிகம் உள்ளே இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்கிறது. செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அதை உணர்ந்து என்எல்ஆர்பி3 என்ற புரதம் மற்ற புரதங்களோடு கூடி ஒரு பெரிய தொகுதியாகிறது. இதற்கு இன்ஃப்ளமசோம் என்று பெயர். யூர்க் சோப் என்பவரின் குழு 2002 இல் இப்படி ஒரு தொகுதி இருப்பதை முதலில் விவரித்தது. யூரேட் படிகம் இதை இயக்குகிறது என்பதை அதே குழு 2006 இல் காட்டியது. இந்தத் தொகுதி காஸ்பேஸ்-1 என்ற நொதியை இயக்க, அந்த நொதி ஐஎல்-1 இன் முன்வடிவத்தை வெட்டிச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. கூடவே காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தையும் வெட்டுகிறது. அது செல்சவ்வில் துளைகள் போட, ஐஎல்-1 வெளியே கொட்டுகிறது.

மிச்சமெல்லாம் வேகமாக நடக்கும். ரத்தக் குழாய் விரிகிறது, கசிகிறது. நியூட்ரோஃபில்கள் கூட்டமாக மூட்டுக்குள் இறங்குகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்ற கொழுப்பு மூலக்கூறு வலி நரம்புகளைக் கூச்சப்படுத்துகிறது. போர்வை உரசினாலும் வலிப்பது அதனால்தான்.

## செல்லுக்குள்ளேயே நடக்கும் தடுப்பு

இந்த மண்டலம் எவ்வளவு நுட்பமானது என்பது இங்கேதான் தெரியும். என்எஃப்-கப்பா-பி இயக்கும் மரபணுக்களில் ஒன்று ஐ-கப்பா-பியின் மரபணு. அதாவது, தன்னைப் பிடித்துக் கட்டும் புரதத்தை அதுவே தயாரிக்கச் சொல்கிறது. புதிதாக உருவான ஐ-கப்பா-பி உட்கருவுக்குள் போய், அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் என்எஃப்-கப்பா-பியைப் பிடித்து வெளியே இழுத்து வருகிறது. தூண்டுதல் தொடர்ந்தால் அது மறுபடி சிதையும், மறுபடி உருவாகும். டிஎன்எஃப் தூண்டுதல் தொடரும் செல்களில் என்எஃப்-கப்பா-பி சுமார் 100 நிமிடங்களுக்கு ஒருமுறை உட்கருவுக்குள் போவதும் வருவதுமாக இருப்பதை ஒளிரும் புரதங்களைக் கொண்டு நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். ‘இன்னும் தொல்லை இருக்கிறதா?’ என்று ஒவ்வொரு சுற்றிலும் செல் சோதித்துப் பார்க்கிறது. இல்லையென்றால் அத்தோடு சரி.

இது ஒன்று மட்டும் போதாது. இன்னும் இரண்டு தடுப்புகளைச் சொல்ல வேண்டும்.

1. ஏ20. ஏற்பியிலிருந்து உட்கருவுக்குத் தகவல் போகும் வழியில் பல புரதங்கள் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைத் தங்கள் மேல் கோத்துக்கொண்டுதான் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஏ20 அந்தக் கோவையைக் குலைத்துத் தகவலை நடுவழியிலேயே நிறுத்துகிறது. இதையும் தயாரிக்கச் சொல்வது என்எஃப்-கப்பா-பிதான். ஏ20 இல்லாமல் பிறக்கும் எலிகள் பல உறுப்புகளில் அழற்சி ஏற்பட்டுச் சீக்கிரமே இறக்கின்றன. மனிதர்களில் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே சிறு வயதில் வாய்ப்புண், காய்ச்சல், மூட்டழற்சி என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு நோய் உண்டாகிறது. அதை 2016 இல் அடையாளம் கண்டார்கள்.

2. டிடிபி. மரபணு இயங்குவதை நிறுத்தினாலும், ஏற்கெனவே எழுதப்பட்ட எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுத்த நகல், செல்லில் இருக்கும். அதை வைத்து டிஎன்எஃப் உற்பத்தி தொடரலாம். இதைச் சமாளிக்க, டிஎன்எஃப் எம்ஆர்என்ஏவின் வால் பகுதியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கிறது. டிடிபி என்ற புரதம் அதில் ஒட்டினால் எம்ஆர்என்ஏ சிதைந்துவிடும். தூண்டுதல் உச்சத்தில் இருக்கும்போது பி38 என்ற நொதியின் வழியே டிடிபி முடக்கப்பட்டிருக்கும். தூண்டுதல் தணிந்ததும் டிடிபி விடுபட்டு, மிச்சம் இருக்கும் எம்ஆர்என்ஏவைத் தீர்த்துக்கட்டும். 1996 இல் டிடிபி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவை உடல் மெலிந்து, மூட்டழற்சி வந்து நலிந்தன. டிஎன்எஃப்பைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு வரவில்லை.

கிருமி எதுவும் இல்லை, காயமும் இல்லை. ஒரு எம்ஆர்என்ஏவை நேரத்துக்கு அழிக்க முடியாமல் போனதற்கே இவ்வளவு விளைவு. நாட்பட்ட அழற்சி என்றதும் எதோ ஒன்று தொடர்ந்து தூண்டுகிறது என்றே யோசிக்கிறோம். முடித்து வைக்கும் ஏற்பாடு பழுதாகியிருக்கலாம் என்ற கோணத்துக்கும் அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

## செல்லுக்கு வெளியே

வெளியே போன ஐஎல்-1 ஐ என்ன செய்வது? அதே மேக்ரோபேஜ் சற்றுத் தாமதமாக ஐஎல்-1ஆர்ஏ என்ற புரதத்தையும் வெளியிடுகிறது. பார்வைக்கு ஐஎல்-1 மாதிரியே இருக்கும் இது, அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் எந்தத் தகவலையும் உள்ளே கடத்தாது. இடம் அடைபட்டதால் உண்மையான ஐஎல்-1 காத்திருந்து வீணாகும். இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே தோலிலும் எலும்பிலும் கடுமையான அழற்சி வருகிறது. 2009 இல் விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கு, ஆய்வகத்தில் தயாரித்த அதே புரதத்தையே மருந்தாகத் தருகிறார்கள். மருந்தின் பெயர் அனகின்ரா. கடுமையான கவுட் வலிக்கும், மற்ற மருந்துகள் ஒத்துவராதபோது இதைப் பயன்படுத்துவது உண்டு.

இன்னொன்று ஐஎல்-10. இது மேக்ரோபேஜின் ஏற்பியில் ஒட்டி, ஸ்டாட்3 என்ற புரதத்தை இயக்கி, டிஎன்எஃப், ஐஎல்-6 போன்றவற்றின் உற்பத்தியைக் குறைக்கிறது. இது எங்கே அதிகம் தேவைப்படுகிறது என்றால் குடலில். கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு அருகிலேயே வாழ வேண்டிய இடம் அது. ஐஎல்-10 ஏற்பி கெட்டுப்போன குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே குடல் முழுக்கப் புண்ணாகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பலருக்குச் சரியாகிறது. பழுது குடலில் இல்லை, எதிர்ப்பு செல்களில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அப்புறம் கார்டிசால். ரத்தத்தில் சைட்டோகைன்கள் கூடும்போது மூளை அதை உணர்ந்து அட்ரினல் சுரப்பியைக் கார்டிசால் சுரக்க வைக்கிறது. கார்டிசால் செல்லுக்குள் போய், என்எஃப்-கப்பா-பியின் வேலையைக் கெடுக்கிறது. மேலே சொன்ன பி38 ஐ அணைக்கும் நொதியையும் கூட்டுகிறது. மாத்திரையாகவும் ஊசியாகவும் தரும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எல்லாம் இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன.

## உத்தரவை நிறுத்தினால் போதாது, இடத்தைச் சுத்தம் செய்யவும் வேண்டும்

வெள்ளம் வடிந்துவிட்டது என்பதற்காக வீடு பழையபடி ஆகிவிடுவதில்லை. யாராவது இறங்கிச் சேற்றை அள்ள வேண்டும். மூட்டுக்குள் வந்து குவிந்த நியூட்ரோஃபில்கள் விஷயமும் அப்படித்தான். அவை உடைந்து சிதறினால் உள்ளே இருக்கும் நொதிகள் மறுபடி அழற்சியைக் கிளப்பும். அதனால் அவை ஒழுங்காகச் சுருங்கி இறந்து, சவ்வின் உட்புறம் இருக்கும் ஃபாஸ்ஃபடைடில்செரின் என்ற கொழுப்பை வெளிப்புறம் திருப்பிக் காட்டுகின்றன. அந்த அடையாளத்தைப் பார்த்து மேக்ரோபேஜ்கள் அவற்றை முழுசாக விழுங்குகின்றன. விழுங்கிய மேக்ரோபேஜின் போக்கே மாறிவிடும். ஐஎல்-1, டிஎன்எஃப் சுரப்பதைக் குறைத்துக்கொண்டு, அழற்சியைத் தணித்துத் திசுவைச் சீராக்க உதவும் டிஜிஎஃப்-பீட்டாவை வெளியிடத் தொடங்கும்.

கவுட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. கூட்டமாகக் குவிந்த நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவை வலையாக வெளியே வீசுகின்றன. அந்த வலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகி, படிகங்களையும் உள்ளே பொதிந்துகொள்கின்றன. வலையில் ஒட்டியிருக்கும் நொதிகள் சுற்றியுள்ள சைட்டோகைன்களை வெட்டி அழிக்கின்றன. 2014 இல் வெளியான ஆய்வில் இது தெரியவந்தது. படிகம் இருந்தும் வலி போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலியை உண்டாக்கிய செல்கள், போதுமான எண்ணிக்கையில் சேர்ந்ததும், அதை முடித்தும் வைக்கின்றன.

கொழுப்பிலிருந்து உண்டாகும் மூலக்கூறுகளிலும் இதே போக்கைப் பார்க்கலாம். முதலில் புரோஸ்டாகிளாண்டின்கள் வலியையும் வீக்கத்தையும் கொண்டுவருகின்றன. அதே புரோஸ்டாகிளாண்டின் ஈ2, நியூட்ரோஃபில்களில் வேறொரு நொதியைத் தூண்டி லிப்பாக்சின் என்ற அடக்கும் மூலக்கூறு உருவாக வழி செய்கிறது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து ரிசால்வின் என்ற இன்னொரு வகையும் உண்டாகிறது. சார்லஸ் செர்ஹான் இந்தத் துறையை வளர்த்தவர். இதை வைத்து, மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் அழற்சி தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டக் கூடாது. செல் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் தயாரிப்பதும் நாம் வாயில் போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல.

## நொபேல் வாங்கிய செல்கள் எங்கே வருகின்றன?

இதுவரை சொன்னதெல்லாம் பிறவியிலேயே உள்ள எதிர்ப்பு. டி செல்கள் என்ற இன்னொரு பிரிவு, குறிப்பிட்ட இலக்குகளைக் கற்று நினைவில் வைத்துத் தாக்குவது. அதில் சில செல்கள் நம் உடலின் புரதத்தையே இலக்காகக் கொண்டுவிடும். அவற்றை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்களை 1995 இல் சகாகுச்சி இனங்கண்டார். 2001 இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும், பிறவியிலேயே தோல் செதிலாகி இளமையிலேயே இறக்கும் ஒருவகை எலியில் கெட்டுப்போயிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்பி3. மனிதரிலும் அது பழுதானால் ஆண் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய், குடலழற்சி, தோல் நோய் மூன்றும் சேர்ந்து வரும் அரிய நோய் வருகிறது. ஃபாக்ஸ்பி3 இயங்கினால்தான் ஒரு டி செல் ஒழுங்குமுறை செல்லாக இருக்க முடியும்.

அவை அடக்கும் விதம் பல. மற்ற டி செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2 ஐ இவை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தால், தூண்டும் செல்களின் மேற்பரப்பிலிருந்து தூண்டுபுரதங்களையே பிடுங்கிவிடும். ஐஎல்-10 உம் வெளியிடும்.

## மருந்து எந்த இடத்தில் கை வைக்கிறது?

‘வீக்கத்துக்கு மருந்து’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் வேலை செய்வதால் பலனும் ஆபத்தும் வேறு வேறு.

1. ஸ்டீராய்டு பல இடங்களில் ஒரேயடியாகக் கை வைக்கிறது. 2020 இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. எண்ணிக்கை சற்று மோசமான பக்கமே சாய்ந்திருந்தது. முதல் குழுவின் நுரையீரலைக் கெடுத்தது அடங்காத அழற்சி. இரண்டாவது குழுவில் அழற்சி இன்னும் வைரஸோடு போராடிக்கொண்டிருந்தது. மருந்து ஒன்றே, நேரம்தான் வேறு. 2021 இரண்டாம் அலையில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத பலருக்கு, ஸ்டீராய்டும் சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை நோய் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

2. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் ஒரே ஒரு சைட்டோகைனைப் பிடிக்கின்றன. முடக்குவாதத்தில் இவை பலரின் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. ஆனால் நுரையீரலில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் கட்டும் அரண் குலையாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்தை எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001 இல் அறிக்கை வெளியானது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஊசியைத் தொடங்கும் முன் மார்பு எக்ஸ்-ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்டால், அது வீண் செலவு என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

3. ஐஎல்-1 தடுப்பு. 2017 இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து சிஆர்பியும் கூடுதலாக இருந்த சுமார் 10,000 பேருக்குக் கேனகினுமாப் என்ற ஐஎல்-1 தடுப்பு மருந்து பரிசோதிக்கப்பட்டது. கொலஸ்ட்ரால் குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. கவுட் வலியும் பாதிக்கு மேல் குறைந்தது, யூரிக் ஆசிட் அளவு மாறாமலேயே. ஆனால் உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்று கூடியது. இதய நோய்க்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

4. கால்சிசின். இது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து, நியூட்ரோஃபில் நகர்வதையும் இன்ஃப்ளமசோம் கூடுவதையும் தடுக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இது இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விவசாயிகள் பயிரிடுவது இதற்காகத்தான். 2023 இல் அமெரிக்காவில், நாளுக்கு 0.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இதய நோய்க்கும் இதை அனுமதித்தார்கள். ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துச் சாப்பிட்டால் உயிரே போகும். சிறுநீரகம் பழுதானவர்களும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற மருந்து எடுப்பவர்களும் கால்சிசின் மாத்திரையைக்கூட மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

இவற்றில் எதுவும் படிகத்தைக் கரைப்பதில்லை. யூரிக் ஆசிட்டை 6 க்குக் கீழே கொண்டுவரும் அலோபியூரினால், ஃபெபக்சோஸ்டாட் போன்றவைதான் அதைச் செய்யும். அந்த மாத்திரையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் படிகங்கள் கரைந்து பெயரும்போது வலி மறுபடி வரலாம். அதனால்தான் தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறு அளவு கால்சிசினும் சேர்த்து எழுதுகிறார்கள். வலி வந்துவிட்டதே என்று பலர் அந்தக் கட்டத்தில்தான் அலோபியூரினாலை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் படிகம் மறுபடி சேரத் தொடங்கும்.